அவர் திருத்த மறுத்த சொல்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. நாற்பது வயதிருக்கும், கயிறு கோத்த கண்ணாடி கழுத்தில் தொங்கும். வாரிசுச் சான்றுக்கு நான் எழுதிய மனுவை அன்றே பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். வேறொரு கடையில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது.

அவர் மனுவை வெறும் எழுத்துக் கோப்பாக்கி, இது தலைப்பு என்று கணினிக்குத் தெரிய அதன் முன்னால் ஒரு ஹேஷ் (#) குறி போட்டார். கறுப்புத் திரையில், அதை பிடிஎஃப் ஆக்கச் சொல்லி ஒரு வரிக் கட்டளை அடித்தார். எண்டர் தட்டுமுன் மனு முழுவதையும் வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கமாம். "என் மனைவி ஆசிரியையாகப் பணிபுரிகிறார்" என்ற இடத்தில் குரல் நின்றது.

"அண்ணாச்சி, அக்கா இப்ப...?"

"போன மாசம் தவறிட்டா."

"அப்ப இந்த வரிய மாத்தணும்லா. ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாவ."

"நீங்களே மாத்திருங்கம்மா."

"இத நான் அடிக்க மாட்டேன், அண்ணாச்சி." கீபோர்டை என் பக்கம் நகர்த்திவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

'பணிபுரிந்தார்' என்று அடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. பிறகு அவர் வந்து எண்டர் தட்டினார். ஒரு நொடியில் பிடிஎஃப் வந்தது; ஓர் எழுத்தும் உடையவில்லை.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லை என்பதை நான் முதன்முதலாக ஒப்புக்கொண்டது அந்த நாற்காலியில்தான்.