பத்து பைண்டு உப்புத் தண்ணி

நான் இருதயமேரி. காலரா ஷெட்டுல நர்சு. பேய்க்கதை சொல்லிப் பேர் வாங்கணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல. மாதா மேல சத்தியமா இது நடந்துச்சு. அதுவும் உச்சி வேளையில.

நாப்பத்தி மூணாம் வருஷம். திண்டிவனத்துக்கு வெளிய ஒரு மல்லாக்கொட்டைக் கிடங்கைக் காலி பண்ணி, வாந்திபேதிக்காரங்களைப் போட்டிருந்தாங்க. அன்னிக்கு என் தம்பி சவுரிராயனையே தூக்கிக்கினு வந்துட்டாங்க. கண்ணு குழிக்குள்ள போயிருந்துச்சு. டாக்டர் நாடி பார்த்தார்.

"சலைன் கலக்கும்மா. ஜல்தி. இல்லன்னா பையன் தாங்கமாட்டான்."

பின்பக்கத்து ரூமுக்கு ஓடினேன். உப்பு டின்னு மூடாம கிடந்துச்சு. உப்புல யாரோ கையால வாரின தடம். எந்தக் கழுதை இப்படிப் போட்டுட்டுப் போச்சுன்னு திட்டிக்கினே, மேலாப்புல ஒதுக்கிட்டு அடியில இருந்து எடுத்தேன்.

பைண்டுக்கு நூத்தியிருபது கிரெய்ன் உப்பு. பத்து பைண்டு ஜாடிக்கு ஆயிரத்தி இருநூறு. நிறுத்துப் போட்டு, காய்ச்சி ஆறவெச்ச தண்ணியைப் பத்தாவது கோடு வரைக்கும் ஊத்தினேன். ஜாடி வாயைத் துணியால கட்டினேன். என் அளவை எவரும் குறை சொன்னதில்ல.

ரப்பர் குழாயை எடுத்துட்டுத் திரும்பினா... தண்ணி எட்டுல நிக்குது.

மேசை காஞ்சு கிடந்துச்சு. துணி கட்டினது கட்டினபடி இருந்துச்சு. ஒழுகியிருந்தா உப்பும் சேர்ந்து போயிருக்கும், கரிப்பு மாறியிருக்காது. உப்புக் காட்டம் பார்க்கிற கண்ணாடி மிதப்பை உள்ள விட்டேன். இருக்கவேண்டிய இடத்தைவிட மேல நின்னுச்சு.

தண்ணி மட்டும் போயிருக்கு. உப்பு அப்படியே இருக்கு. பைண்டுக்கு நூத்தைம்பது.

ரெண்டு பைண்டு ஊத்திச் சரி பண்ணேன். கண்ணு எடுக்காம நின்னேன்.

மொடக்.

தண்ணி இறங்குச்சு.

மொடக்... மொடக்...

ஆறு. பைண்டுக்கு இருநூறு. இதை ஏத்தினா தம்பி செத்துடுவான்.

"அக்கா, நாடி கிடைக்கலங்க." வெளிய வார்டு ஆளு பூமாலையோட குரல்.

அழுதுக்கினே ஒரு சொம்புல வெறுந்தண்ணி ஊத்தி, ஜாடி பக்கத்துல வெச்சேன்.

"யாரா இருந்தாலும் இதைக் குடி. அதைத் தொடாதே. அது என் தம்பி உசுரு."

சொம்பு காலியாச்சு.

ஊத்தினேன்.

காலியாச்சு.

நாலு பைண்டு சேர்த்து ஜாடியை நிரப்பினேன். கோடு அசையல. எடுத்துக்கினு ஓடினேன்.

சாயங்காலம் சவுரி கண்ணைத் திறந்தான். அப்பதான் பூமாலை என்னைத் தனியா கூப்பிட்டான். அவன் முகம் செத்துப்போயிருந்துச்சு.

"அந்த ரூமுலயா கலக்கினீங்க? நேத்து ராத்திரி பேதியோட வந்த முகையூர் குப்பம்மாளை அங்கதான் அடைச்சு வெச்சிருந்தேங்க. தண்ணி தண்ணின்னு தவழ்ந்து போயி எல்லார் சொம்பையும் எடுத்துச்சு. பேதிக்குத் தண்ணி ஆகாதுன்னுதானே சொல்றாங்க... வெளிய தாழ் போட்டுட்டேன். காலையில தெறந்தா பொணமா கிடந்துச்சு. இருட்டுல தண்ணின்னு நெனைச்சுதோ என்னவோ, டின்னுல கைய விட்டு வாரியிருக்குதுங்க. வாய் நெறைய உப்பு."

அந்த டின்னு உப்புதான் என் தம்பி ரத்தத்துல ஓடிக்கினு இருந்துச்சு.

கட்டில்ல இருந்து சவுரி கூப்பிட்டான். ஒருநாள்கூட என்னை 'அக்கா'ன்னு கூப்பிடாம இருந்ததில்ல அவன்.

"தாழ் போடாதீங்கம்மா... தண்ணி..."