தொட்டித் தவளைகளின் கல்யாணம்

நானும் கல்லூரித் தவளைகளும் ஒரே பஸ்ஸில்தான் ஜவ்வாது மலையிலிருந்து இறங்குவோம். நான் சீட்டில், அவை கோணிப்பையில். விலங்கியல் லேபின் சிமெண்டுத் தொட்டியில் அவற்றைக் கொட்டும்போதெல்லாம், "உங்க ஊர்க்காரங்க வந்துக்கிறாங்கடா, போய் விசாரி" என்பான் செங்கத்து நண்பன்.

அந்த நண்பன்தான் முதல் தவளையை அறுத்த அன்றே கத்தியைக் கீழே வைத்தவன். பிளந்த பிறகும் அதன் நெஞ்சு துடித்ததைப் பார்த்துவிட்டான். இனி அறுக்கமாட்டேன் என்றான். அறுக்காதவனுக்குச் செய்முறை மார்க் கிடையாது என்றார் பேராசிரியர். மார்க் போனால் படிப்பு போச்சு. அவன் அப்பா ஏர் பிடிக்க இழுத்துப் போய்விடுவார்.

நாங்கள் சிலர் 'உயிரை அறுக்காதே' என்று அட்டை எழுதிப் பிடித்து லேப் வாசலில் உட்கார்ந்தோம். பேராசிரியர் எங்களைத் தாண்டி உள்ளே போனார். மற்ற மாணவர்கள், தவளைக் கட்சிக்குப் பசிக்குமே என்று எங்களுக்கு ஈ பிடித்துக் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் மழை இல்லை. லேப் அட்டெண்டர் அடிவாரத்தில் விதைத்திருந்த கேழ்வரகு கருகிக்கொண்டிருந்தது. மழை பொய்த்தால் தவளைக்குக் கல்யாணம் செய்து தண்ணீரில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு சாயங்காலம் தொட்டியிலிருந்து இரண்டைப் பிடித்து மஞ்சள் நூல் கட்டினேன். மேளம் என் வாய்தான். அட்டெண்டர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அரிசி தூவினார். நூல் காலில் சுற்றிக்கொள்ளும் என்று அவரே அவிழ்த்து, ஜோடியைத் தொட்டியில் விட்டார்.

மறுநாள் செய்முறை வகுப்பு. தவளை எடுத்து வரச் சொன்னார் பேராசிரியர். அட்டெண்டர் அசையவில்லை.

"கண்ணாலம் பண்ணி வுட்ட தவளய அறுத்தா மழ எப்படிங்க சார் வரும்?"

அந்த இரண்டை விட்டுவிட்டு மற்றதை எடு என்றார்.

"எது அந்த ரெண்டுன்னு இன்னாங்க தெரியுது? எல்லாம் ஒரே மூஞ்சி."

பேராசிரியர் தொட்டியை எட்டிப் பார்த்தார். எது ஆண், எது பெண் என்று அவருக்குத் தெரியும். எது புருஷன் என்று தெரியாது.

"நான் மாப்ள வூட்டுக்காரன் சார். எனக்கே தெரியல" என்றேன்.

அவருக்கும் அடிவாரத்தில்தான் நிலம். ஜன்னல் வழியாக வெளுத்த வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நண்பனிடம் திரும்பினார்.

"அறுக்காம, உள்ள இருக்கறத காட்டுவியா?"

நண்பன் சாக்பீஸ் எடுத்தான். நெஞ்சு, குடல், ரத்தக்குழாய் என்று கரும்பலகை நிறைய வரைந்தான். பேராசிரியர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எதற்கும் அவன் திணறவில்லை. மார்க் உண்டு, இனி அறுக்க விருப்பமில்லாதவர்கள் வரைந்து காட்டலாம் என்றார்.

அன்று விடுதிக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது என்பது வேறு சங்கதி.