வாவு கழிந்து ஆறாம் நாள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆடி 9, வெள்ளிக்கிழமை காலை அக்கா போட்ட செய்தி, பிழையோடு அப்படியே: "பிளைட் டிக்கட் வந்தாச்சு. ஆடி 31 சனி. அதுக்கு முந்தி பாறைக்கு போகனும்."

முதல் வாக்கியத்துக்கு எல்லோரும் பதில் போட்டார்கள். இரண்டாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பாறை என்றால் கன்னியாகுமரிக் கடலுக்குள், கரையிலிருந்து பார்த்தால் கைக்கெட்டுவது போலத் தெரிகிற பாறைத்தீவு. படகில் ஏறினால் சில நிமிடங்களில் இறங்கிவிடலாம். எங்கள் வீடு மருந்துவாழ்மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து படகுத்துறைக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம். இத்தனைக்கும் அக்கா அறுபத்து நாலு வயது வரைக்கும் அந்தப் படகில் ஏறியதில்லை. வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். விருந்தாளிகள் வந்தால் நாம்தான் கூட்டிக்கொண்டு போவோம், வரிசையில் நிறுத்துவோம். அப்புறம் பைகளையும் பிள்ளைகளின் மாற்றுத்துணியையும் சாப்பாட்டுத் தூக்கையும் பார்த்துக்கொள்ளக் கரையில் ஒரு ஆள் வேண்டும். "நீங்க போயிட்டு வாங்க, நாங்க எத்தனையோ தடவ பாத்தாச்சு" என்று அந்த ஆள் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் எப்போதும் அக்காதான்.

கரையில் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த வாக்கியத்தை போன தடவை போயிருந்தபோது ஷார்ஜாவில், மகள் வீட்டில் வைத்தும் சொல்லிவிட்டாள். கேட்டது சம்பந்தியம்மாள், கோயம்புத்தூர்க்காரி. சொன்னதோடு நிற்கவில்லை.

"ஏலே, அவ தொணதொணன்னு கேட்டா. நானும் சொல்லிக்கிட்டே போனேன்," என்றாள் அக்கா, போனில். "காத்துல சேல நிக்காதுன்னேன். அங்க நிண்ணு திரும்பிப் பாத்தா எங்க வீட்டுக்குப் பின்னால உள்ள மல அப்பிடியே தெரியும்னேன்."

"தெரியுமா?"

"எனக்கெப்பிடி தெரியும்? நான் போனாத்தானே?"

இப்போது சம்பந்தியம்மாள், வரும்போது அந்த மலை பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். போனால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருடமாவது அதே வீட்டில், அதே சம்பந்தியோடு இருக்கவேண்டும். பொய்க்காரியாகப் போய் இறங்க அக்காவுக்கு மனமில்லை.

ஆடி மாதக் கடலை நம்பித் திட்டம் போடமுடியாது. ஒருநாள் காற்று என்பார்கள், ஒருநாள் கடல்மட்டம் தாழ்ந்துவிட்டது, படகு பாறையில் தட்டும் என்பார்கள். படகு ஓடாத நாட்களைப் பற்றி நாளிதழில் வந்த துணுக்குகளைத் தேதிவாரியாக வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் புரட்டப் புரட்டக் குழப்பம்தான் கூடியது. காற்று சன்னலை அடிக்கும் போதெல்லாம் எழுந்து போய் தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். "கடலு அங்க கெடக்கு, நீங்க இங்க கெடந்து என்னத்துக்கு ஆடுதிய?" என்றாள் மனைவி.

கடைசியில், அலுவலகத்தில் பக்கத்து மேசையில் பல வருடம் இருந்த நண்பரைக் கூப்பிட்டேன். கடற்கரை ஊர்க்காரர், கத்தோலிக்கர். கடலில் போனவர் இல்லை. என்னைப் போலக் கோப்பு பார்த்தவர்தான். ஆனால் அவர் அண்ணன் தம்பிகள் எல்லோரும் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறார்கள்.

"வாவு அண்ணைக்கு வராதேயும்," என்றார். "வாவு கழிஞ்சும் ஒரு நாலு நாளு விட்டுரும். தண்ணி வத்திக் கெடக்கும்."

வாவு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: அமாவாசை. அதிலும் ஆடி அமாவாசை, முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து பலி போடுகிற நாள். அந்த வருடம் வாவு ஆடி 8இல் முடிந்திருந்தது. அடுத்தது பயணம் கழிந்து ஒரு வாரத்தில் வரும். இரண்டு அமாவாசைக்கும் எது மிகத் தள்ளி இருக்கிறதோ, அந்த நாளைக் கணக்குப் போட்டு எடுத்தேன். ஆடி 23, வெள்ளிக்கிழமை. பௌர்ணமி. நிறைந்த நாள் என்று அக்காவுக்கும் திருப்தி.

பௌர்ணமிக்கும் கடல் ஏறி இறங்கும் என்று படிக்காதவனா நான்? படித்திருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. வீட்டுச் சொல் முந்திக்கொண்டது.

படகுத்துறையில் வரிசை இருந்தது, படகு இல்லை. கடல்மட்டம் தாழ்வு என்று எழுதி வைத்திருந்தார்கள். எப்போதும் நீருக்குள் இருக்கிற கற்கள் பாசியோடு வெளியே நின்றன. அக்கா புதுச்சேலை கட்டியிருந்தாள். மதியம் வரை இருந்தோம். நான் உட்காருவதும், எழுந்துபோய் அறிவிப்பைப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தேன். அறிவிப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. நண்பருக்குப் போன் போட்டேன்.

"இண்ணைக்கா வந்தீரு? இண்ணைக்கு வாவுல்லா!"

"வாவு ஆடி எட்டுக்கே போயாச்சே."

"அது கருத்த வாவு வேய். இது வெளுத்த வாவு." சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஆயிரம் புஸ்தகம் படிச்சு என்னத்துக்கு? கடப்புறத்துல பிள்ளைகளுட்ட கேட்டாலும் சொல்லுமே."

"ஒமக்கு வெளுத்ததுன்னு சொல்லுதுக்கு வாய் வலிச்சுதா?"

"எங்க வீட்டுல ரெண்டும் வாவுதாம். ஒம்ம வீட்டுல ஒண்ணுண்ணு நான் கண்டேனா?"

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. அது எரிச்சலைக் கூட்டியது. பஸ் ஏறித் திரும்பினோம். வீட்டு முக்கில் இறங்கியபிறகு அக்கா, "நாலு நாளு கழிச்சுன்னா எண்ணைக்கி?" என்றாள்.

நான் இன்னும் ஒரு நாள் கூட்டினேன். ஆடி 29, வியாழன். வெளுத்த வாவு கழிந்து ஆறாம் நாள். அதற்குப் பிறகு பெட்டி கட்ட ஒரு நாள்தான் மிச்சம். இடைப்பட்ட நாட்களில் மழை வந்தது, காற்று வந்தது. அக்கா குழுவில் தினமும் காலையில் ஒரே கேள்வியைப் போட்டாள்: "இண்ணைக்கி போட்டு ஓடுதா?" எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதவும் பிடிக்கவில்லை.

வியாழனன்று படகு ஓடியது. மனைவியும் வந்திருந்தாள். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். திரும்பி மனைவியிடம் கையை நீட்டினாள்.

"பையத் தா."

"எதுக்கு மைனி?"

அக்காவுக்கே அப்போதுதான் உறைத்தது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "போவட்டும், பையையும் கொண்டுட்டே போவோம்," என்றாள். மூன்று பேரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினோம். படகு ஒருமுறை நன்றாகச் சாய்ந்தபோது பக்கத்திலிருந்த வடநாட்டுப் பெண்ணின் முழங்கையை அக்கா இறுக்கிப் பிடித்தாள். இறங்கும்வரை விடவில்லை.

பாறையில் காற்று அவள் ஷார்ஜாவில் சொன்னபடியே இருந்தது. சேலை நிற்கவில்லை. அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்தியா, சொன்னம்லா!" என்றாள். பிறகு கரைப் பக்கம் திரும்பினோம். தங்கும் விடுதிகள் தெரிந்தன, கோயில் தெரிந்தது, மாதா கோவிலின் வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. அதற்குப் பின்னால், வடமேற்கில், மலை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் மழை நின்றது. காத்திருந்தோம். அக்கா இடம் மாறி மாறி நின்று பார்த்தாள். கடைசிப் படகுகள் வரத் தொடங்கும்வரை அது விலகவில்லை. மழையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தோம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டாள்.

"சம்பந்தியம்மாட்ட படத்தக் காட்டுனேன். மல எங்கன்னு கேட்டா. மழ, தெரியல்லன்னேன்."

"உள்ளதத்தானே சொன்ன?"

"உள்ளதத்தாம் சொன்னேன். போனவாட்டி தெரியும்னு சொன்னீங்களேன்னு கேக்கா! போகாம சொன்னப்ப நம்புனவ, போயிட்டு வந்தப்பொறவு சந்தேகப்படுதா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ ஒருக்க போயிட்டு பாத்துச் சொல்லு மக்கா."

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன், இரண்டு வாவுகளையும் தவிர்த்து. முதல் தடவை காற்றால் படகை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை வந்திருந்த உறவினர்கள் ஏறிப்போனார்கள். அவர்களுடைய பைகளோடு நான் கரையில் இருந்தேன். திரும்பி வந்தவர்களிடம் மலை தெரிந்ததா என்று கேட்டேன். எந்த மலை என்றார்கள்.

பாறையில் நின்றால் மருந்துவாழ்மலை தெரியும் என்பது அக்கா சொன்ன தகவல். இதை எழுதும் நாள் வரை அது சரிபார்க்கப்படவில்லை.