எழுந்து நிற்கச் சொன்ன வரி

கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர் ஒருவர் கணினிக்கூடத்தில் ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். படமே இல்லாத விளையாட்டு. ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து எல்லோரும் ஒரே ஊருக்குள் நுழைய வேண்டும். 'வடக்கே போ' என்று தட்டினால் வாய்க்கால் கரை எழுத்தில் வரும். ஒருவர் மடையைத் திறந்தால் அவருடைய திரையில் ஒரு வாக்கியமும், பக்கத்தில் நிற்பவர்களின் திரையில் வேறொரு வாக்கியமும் தெரியும். அந்த வாக்கியங்களை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்பு எல்லோரும் கைநாட்டு. என்னைக் கூப்பிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தக் கூடத்தில் என்னைப் போலத் தமிழ் எழுத வேறு ஆளில்லை.

அவர் எங்கள் ஊர்க்காரர்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம், பெரிய வீட்டுப் பேரன். அந்த வருடம் அவருடைய தாத்தா எங்கள் தெருவுக்கு வேலை கொடுக்காமல் அறுப்பு மெஷினை வயலில் இறக்கினார். மெஷினுக்கு முன்னால் வரப்பில் உட்கார்ந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றப் பெண்கள் அவரை அண்ணா என்றார்கள். நான் சொல்லவில்லை.

வரிக்கு வரி பெயரையே திருப்பிச் சொன்னால் படிப்பவருக்குச் சலித்துவிடும். ஒரு முறை பெயர், பிறகு அவன், அவள், அவர் என்று போக வேண்டும். ஆனால் அதில் ஒன்றை எழுதும்போதே அந்த ஆளை எங்கே நிறுத்துகிறோம் என்று முடிவு செய்துவிடுகிறோம். விளையாட்டில் வரும் பண்ணையாருக்கும், நாற்று நடும் நடவாளுக்கும் நான் அவர் என்றே எழுதினேன். ஆடுகிறவரை நீங்கள் என்றேன்.

விளையாட்டைச் செய்தவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நடவாளும் அவரா? இயல்பா இல்லியே. நம்ம ஊருல எப்படிப் பேசுவாங்கன்னு தெரியாதா ஒனக்கு?"

"நல்லாத் தெரியும். அதனாலதான் இப்படி எழுதினேன்."

அவர் பேராசிரியரிடம் போனார். இயல்பாகவே இருக்கட்டும்மா என்று பேராசிரியரும் சொல்லிவிட்டார். மேடை தோறும் அவர்களே, அவர்களே என்று முழங்கும் கட்சிகள்தான் மாறி மாறி எங்களை ஆண்டன. பெரிய வீட்டு வாசலில் எங்கள் தெருவுக்கு விழும் வாடா போடா மட்டும் எந்த ஆட்சியிலும் மாறவில்லை. இப்போது அது கணினிக்குள்ளும் வந்துவிட்டது.

கல்லூரிக் கண்காட்சிக்கு அப்பா வந்தார். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் பையில் கொண்டுவந்து, பஸ்சிலிருந்து இறங்கித்தான் போட்டுக்கொண்டாராம். அவரைக் கணினி முன் உட்காரவைத்து, நடவாளாக ஊருக்குள் அனுப்பினேன். திரையில் வந்த வரிகள் நான் எழுதியபடி இல்லை. நீங்கள் எல்லாம் நீ ஆகியிருந்தது.

நீ களத்து மேட்டில் உட்கார்ந்திருக்கிறாய். பண்ணையார் வருகிறார். அவர் உன்னைப் பார்க்கிறார். நீ எழுந்து நிற்கிறாய்.

கடைசி வரி பெரிய வீட்டுப் பேரன் புதிதாகச் சேர்த்தது. ஆடுகிறவர் எதையும் தட்ட வேண்டாம். பண்ணையார் வந்தால் நடவாள் தானாக எழுந்துவிடுவார்.

அதற்குள் அதை எழுதியவரே எங்கள் பக்கம் வந்தார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சின்னய்யாவா? பெரியய்யா நல்லாருக்காங்களா?"

"ம். ஒக்காரு" என்றார் அவர். அப்பாவுக்கு அவரைப் போல இரண்டு மடங்கு வயது.

வரிசையில் நின்ற பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். "நீங்க எழுதினதுதானே, நீங்களே படிச்சுக் காட்டுங்க."

அவர் திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க களத்துல ஒக்காந்திருக்கீங்க. பண்ணையார் வர்றாரு. நீங்க... எந்திரிச்சு நிக்கிறீங்க."

"அப்படியா எழுதியிருக்கு?" என்றேன்.

அதற்குள் அப்பா கேட்டார்.

"நான் எதையும் அமுக்கலியே. பொட்டியா என்னை எந்திரிக்க வைக்குது?"

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். பெரிய வீட்டு ஆள் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது அப்பா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கூடம் திறந்ததும் நான் எழுதிய வாக்கியங்கள் அத்தனையையும் கணினியிலிருந்து அழித்துவிட்டேன்; பிரதி என் நோட்டில் மட்டும் இருந்தது. வாய்க்கால், மடை, களம், வைக்கோல் போர், எல்லாம் போயின. வடக்கே போ என்று தட்டினால் திரை வெறுமனே கிடந்தது. எழுந்து நிற்கச் சொன்ன அவருடைய வரியை மட்டும் தொடாமல் விட்டேன்.

மதிப்பெண்ணில் கை வைப்பேன் என்றார் பேராசிரியர். வைத்தார். ஒரு வாரம் கழித்துப் பெரிய வீட்டுப் பேரன் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"அந்த வாக்கியத்தையெல்லாம் கொடுத்துடுங்க."

என்னை அவர் நீங்க என்றது அன்றுதான்.

"நடவாளுக்கும் அவர்தான்னா தர்றேன். எந்திரிக்கிற வரியைத் தூக்கிடணும்."

அந்த வரியைத் தூக்க மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த விளையாட்டு பிறகு ஓடவே இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை.