சிவப்புத் துணி கட்டிய வெள்ளரி

என் மருமகள் ஓடிப்போய்விட்டாள் என்று சொல்கிற வாய்களை முதலில் மூடுங்கள். முதுகு பிடித்துக்கொண்டு குளியலறைக்கே சுவரைப் பிடித்துப் போனவள் எங்கே ஓடுவது? நடந்துதான் போனாள். அதுவும் பட்டப்பகலில், நடுத்தெருவில். காய் திருடி மாட்டிக்கொண்டாள், பண்ணைக்காரரோடு ஏதோ தொடர்பு, புருஷனைக் கைநீட்டி அடித்துவிட்டாள் என்று ஆளுக்கொரு கதை. மூன்றாவது நடந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அடிபட்டிருக்க வேண்டியவன் நான் பெற்ற பிள்ளைதான்; இருந்தாலும் சொல்கிறேன்.

அவளுக்குத் தெருவில் லிஃப்டுக்காரி என்று பெயர். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் போன் எடுக்கிற வேலை பார்த்தவள். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவன் எல்லாம் இவளைத்தான் திட்டுவான். "பதட்டப்படாதீங்க சார், ஆள் கிளம்பிட்டாரு" என்பாள். ஆள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் வீட்டிலும் குளியலறைக் கதவை நான் தட்டினேன். உள்ளிருந்து அதே குரலில் அதையே சொன்னாள். வேலையை விட்டுவிடு என்று அன்றைக்கே சொன்னேன்.

கொஞ்ச நாளில் அவளே விட்டாள். "கத்துறவங்களையே கேட்டு காது செத்துப்போச்சு அத்தை. இனிமே கத்தாத எதையாவது பார்த்துக்கிறேன்" என்றாள். மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிற என் மகன், கத்தாதது என்றால் மீன் வளர்க்கப் போகிறாளோ என்று நினைத்தான். அவள் ஊரோரத்துக் காய்கறிப் பண்ணையில் போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பண்ணையின் ஏற்பாடே வேறு. கோடை விதைப்புக்கு முன்பே குடும்பங்கள் பணம் கட்டிவிடும். பிறகு சனிக்கிழமைதோறும், அந்த வாரம் விளைந்ததைப் பங்கு போட்டு வீட்டுக்கு ஒரு பெட்டி. நன்றாகக் காய்த்தால் எல்லாருக்கும் நிறைய, கருகிப்போனால் எல்லாருக்கும் கொஞ்சம். மருந்து அடிப்பது கிடையாது. புழு வந்தால் அதுவும் பங்காளிதான். மாதத்தில் ஒரு ஞாயிறு பணம் கட்டியவர்களே வந்து களை பிடுங்கவேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளைச் சேர்த்துவிட்டவள் இவள்தான். இந்தத் தெருவை நம்பியது அவள் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, சேர்ந்த புதிதில் களை என்று நினைத்து ஒரு பாத்தி கேரட் நாற்றைப் பிடுங்கிக் குவித்தது. பண்ணைக்காரர் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "களை மட்டும் அழகா விட்டு வெச்சிருக்கீங்கம்மா" என்றாராம். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்து அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

போகப்போகக் கை பழகிவிட்டது. பெட்டிகளுக்குப் பங்கு போடும் வேலையும் அவளிடம் வந்தது. பங்கு போடுகிறவர், எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சுகிற கடைசிப் பெட்டியைத்தான் எடுக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது கோணல் கத்தரி, முற்றின வெண்டை, பாதி அணில் தின்ற தக்காளி. திருடி வந்ததாகச் சொல்கிறீர்களே, திருடுகிறவள் இதையா திருடுவாள்? இருக்கிற நாலு பல்லால் அந்த வெண்டையை மென்றவள் நான். என்னைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நடுக்கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளரி எல்லாம் கசந்துவிட்டது. வேப்பெண்ணெயில் ஊறப்போட்டது மாதிரி ஒரு கசப்பு. தெருவே போனை எடுத்துக்கொண்டு இவளைத் திட்டியது. எதை விட்டுவிட்டு வந்தாளோ அது பின்னாலேயே வந்துவிட்டது. "பதட்டப்படாதீங்க" என்று ஆரம்பித்தாள். எதிர்வீட்டுத் தையல்காரி, "நான் ஏன்டி பதட்டப்படறேன், எனக்குக் கசக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு இவள் ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு கொடியிலும் ஒரு பிஞ்சைக் கடித்து, கசந்தால் துப்பிக்கொண்டே போனாள். ராத்திரி சோறு வைத்தால் அதுவும் கசக்கிறது என்றாள். அவள் சமையல் எனக்கு எப்போதுமே அப்படித்தான், அதனால் பரிதாபப்படவில்லை. கடைசியில் அத்தனை வெயிலிலும் கசக்காத கொடி ஒரு கைப்பிடிதான் தேறியது. அந்தக் கொடிகளில் நல்ல காய்களைப் பறிக்காமல் விட்டு, பழுத்து மஞ்சளானதும் விதை எடுத்தால் அடுத்த கோடைக்குக் கசக்காத வெள்ளரி கிடைக்கும். "இது மட்டும் தேறிடுச்சுன்னா யாரும் எனக்குப் போன் போட்டு ஏச மாட்டாங்க அத்தை" என்றாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

யாரும் பறித்துவிடாமலிருக்க அந்தக் காய்களின் காம்பில் துணி கட்டினாள். அங்கேதான் வினை. என் மகனுடைய சிவப்புச் சட்டையைக் கிழித்துக் கட்டினாள். கல்யாணம், துக்கம், ரேஷன் கடை என்று எல்லா இடத்துக்கும் அவன் போட்டுக்கொண்டு போன சட்டை. தெருவில் அந்தச் சட்டையைத் தெரியாத நாய்கூடக் கிடையாது.

களை பிடுங்கும் ஞாயிறு வந்தது. வந்தவர்கள் களையைப் பார்க்கவில்லை. கொழுகொழு வெள்ளரியையும் அதில் கட்டியிருந்த சட்டையையும்தான் பார்த்தார்கள். அவ்வளவுதான், தெருவின் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. நல்ல காயை எல்லாம் இவள் தன் வீட்டுக்கு அடையாளம் போட்டு வைத்திருக்கிறாளாம். பண்ணைக்காரர் விதைக்கு விட்டிருக்கிறோம் என்று எடுத்துச் சொன்னார். அவருக்கும் இதில் கூட்டு என்று அடுத்த கதை கட்டினார்கள்.

மறுநாளிலிருந்து மருந்துக்கடையில் என் மகனுக்கு மரியாதை போயிற்று. "என்ன சிவப்புச் சட்டை, வீட்டுல வெள்ளரிக்குக் குறைச்சல் இல்லையாமே?" என்று இருமல் மருந்து வாங்க வந்தவன்கூடக் கேட்டானாம். அவனுக்கு ரோஷம் அதிகம், யோசனை குறைவு. அவன் அப்பாவும் அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உனக்குப் பதிலாக நான் போய்ப் பெட்டி கட்டுகிறேன் என்று கிளம்பினான். நானும் நெகிழ்ந்துபோனேன். மத்தியானம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தான்.

"இனிமே ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது" என்றான்.

படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "ஏன், என்ன பண்ணீங்க?"

"துணி கட்டினது மொத்தத்தையும் அறுத்துட்டேன். நம்ம தெருவுல வீட்டுக்கு ஒண்ணு. நமக்குன்னு ஒண்ணுகூட எடுக்கல. எப்படி?"

"பண்ணைக்காரர் எங்க இருந்தாரு?"

"மோட்டார் ரிப்பேர்னு கிணத்துக்குள்ள இருந்தாரு. அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே பார்த்துக்கிட்டேன்."

அவள் கத்தவில்லை. எழுந்து உட்காரவே ஒரு பாடுபட்டாள். பிறகு மாடிப்படிக்குக் கீழே கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நானும் பின்னால் போனேன். விதைக்குப் பழுத்த வெள்ளரியைத் தின்கிற காய் என்று நினைத்து அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே கொழகொழவென்று கூழும் கெட்டி விதையுமாக இருக்கவே குப்பையில் கொட்டியிருக்கிறார்கள்.

"உங்க குப்பைக்கூடையைக் கொஞ்சம் குடுங்கக்கா" என்றாள்.

"கொடுத்ததைத் திரும்பக் கேக்கறியே, வெக்கமா இல்லையா?" என்றாள் தையல்காரி.

"குப்பையில போட்டப்புறம் அது உங்களுது இல்லக்கா."

நான் தையல்காரி வீட்டுக்குள் புகுந்து கூடையை எடுத்துவந்து வாளியில் கவிழ்த்தேன். அதில் நூல், ஊசி, முட்டை ஓடு, மீன் செதில் எல்லாம் இருந்தன. அவள் படியில் உட்கார்ந்து விதையைப் பொறுக்கினாள். சில வீட்டில் கூடையே தரவில்லை, சில வீட்டில் குப்பை வண்டி வந்து போயிருந்தது. வாளியில் அடியை மறைக்கிற அளவுக்குத்தான் கூழும் விதையும் சேர்ந்தது.

அந்தக் கூழிலேயே விதையைச் சில நாள் ஊற வைத்து, புளித்த பிறகு கழுவி, நிழலில் காயவைக்க வேண்டுமாம். சமையலறையில் வைத்தாள். ராத்திரிக்குள் வீடு முழுக்க நாறியது. பொய் சொல்லவில்லை, செத்த எலி பரவாயில்லை.

காலையில் என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். "இந்த வாளி வீட்டுல இருக்கக் கூடாது. ஒண்ணு அது, இல்ல நான்."

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டான்.

மாற்றுத்துணியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினாள். வாளியை ஒரு கையில் தூக்கினாள், இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பண்ணையில் பெட்டி கட்டுகிற கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு, நிழலும் காற்றும் இருக்கும், விதை காய அதுதான் இடம்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் அவன்.

"நீங்கதான வாளியா நானான்னு கேட்டீங்க."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எப்ப வருவ?"

"விதை காயட்டும், பார்க்கலாம்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"பதட்டப்படாதீங்க" என்றாள்.

அவளுக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. கதவைத் திறந்துவிட்டது நான்தான்.