வாளி கவிழ்ந்த சத்தம்

நிலத்தடி நீரில் வாழும் கண்ணில்லாத இறால்களைத் தேடுவது என் வேலை. வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு வீட்டுக் குழாயில் வெள்ளையாக ஏதோ நெளிந்ததாம். ஓடினேன். அந்த வீட்டு மாமி ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியோடு கிணற்றடியில் நின்றார். அதை ஊற்றினால் உள்ளே ஓர் உயிரும் மிஞ்சாது.

“மாமி, ஊத்தாதீங்கோ!”

“தெருவெல்லாம் மஞ்சக்காமாலை. உன் பூச்சியைப் பாக்கறதா, என் பொண்ணைப் பாக்கறதா?”

“ஒண்ணே ஒண்ணு பிடிச்சுக்கறேன் மாமி” என்று சீசாவைக் காட்டினேன். மாமியே டாங்கில் தண்ணீர் விழும் குழாய் வாயில் வேட்டித்துணியைக் கட்டி மோட்டாரைப் போட்டார். “டாங்க் நிறையட்டும், அப்பறம் ஊத்திடுவேன், கேட்டியா?”

வெறும் தண்ணீர்தான் வந்தது. டாங்க் வழியத் தொடங்கியபோது, துணியில் நூல்போல ஒன்று துடித்தது. சீசாவில் பிடித்தேன்.

“கண்ணே இல்லையே, பாவம்!” என்ற மாமி, வாளியைக் கிணற்றில் கவிழ்த்தார்.

அது புதிய இனம்தான். மாமியின் இடத்தில் நானும் ஊற்றியிருப்பேன். ஆனாலும் யாராவது பாராட்டினால், அந்த வாளிச் சத்தம்தான் காதில் விழுகிறது.