மீதி மூன்று மாத வாடகை

சேவூரில் பார்த்துவைத்திருந்த வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, அதற்கப்புறம்தான் குடியிருக்கிற வீட்டின் ஓனரிடம் காலி செய்யப்போவதைச் சொன்னேன். புத்தியுள்ளவள் எவளாவது இப்படிச் செய்வாளா? ஆனால் எங்கள் ஆரணியில் என்னை மாதிரி பத்துப் பேரைக் காட்ட முடியும். கார்த்திகை பாதி தாண்டியிருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், அப்புறம் தைதான். முகூர்த்தம் தவறிவிடப்போகிறதே என்கிற அவசரத்தில் விளக்கையும் பால் சொம்பையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பால் பொங்கியது. புது வீட்டின் அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன். சேவூர் என்ன சீமையிலா இருக்கிறது? நான் டவுன் பஸ் பிடித்து வருவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

ஓனர் மாடியில் இருப்பவர். கீழ் வீடு எங்களுக்கு. கேட்டைத் திறக்கும்போதே படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, அங்க பாலு காய்ச்சிட்டியாமே? சந்தோசம். அப்ப அக்ரிமெண்ட்ட ஒடச்சது நீதான். நான் ஒண்ணும் போகச் சொல்லல. மாசி வரைக்கும் பேச்சு. மார்கழி, தை, மாசி, மூணு மாச வாடக பதினஞ்சாயிரம். அட்வான்ஸ்ல புடிச்சிகினு மீதிய தரேன்."

நாற்பதாயிரம் அட்வான்ஸ். சேவூர் வீட்டுக்கும் நாற்பதாயிரம்தான், தறியை இறக்குகிற அன்றைக்கு முழுசாகக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். இருபத்தைந்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கையில் வேறு காசு கிடையாது. அந்த அட்வான்ஸ் முழுசாக வராவிட்டால் காய்ச்சிய பால் வீண், சேவூர் வீடு வேறு ஒருவருக்குப் போய்விடும், நான் மறுபடியும் அந்தக் குழியில்தான் காலை வைக்க வேண்டும்.

குழி என்று சொன்னேன் அல்லவா, சொல்லிவிடுகிறேன். நான் பட்டுப்புடவை நெய்கிறவள். எங்கள் தறிக்குத் தரையில் ஒரு குழி வேண்டும். குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு, அடியில் இருக்கிற மிதிகட்டையை மிதித்து நெய்வோம். சித்திரையில் குடிவந்தபோது அந்த வீட்டுக் குழி அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. ஐப்பசி மழை பிடித்தது, அடியிலிருந்து தண்ணீர் சுரக்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் முழங்கால் அளவு நிற்கும். குடம் குடமாக இறைத்துக் கொட்டிவிட்டுத் தறியில் உட்காருவேன். மத்தியானத்துக்குள் மறுபடியும் கணுக்கால் நனையும். விரல் இடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிந்து, செருப்புப் போட முடியவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழை ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மூன்று முறை ஓனரிடம் சொன்னேன். "மழைனா தண்ணி வரத்தான் செய்யும்" என்றார். நல்ல மனுஷன், மாடியில் இருப்பவருக்கு என்ன தெரியும்! சேவூர் வீடு மேட்டில் இருக்கிறது, அங்கே குழியில் சொட்டு ஈரம் கிடையாது.

என் கணவர் களம்பூரில் அரிசி மில்லில் வேலை செய்கிறார். சாது. அன்றைக்கு வேலை முடிந்து வந்தவரிடம் சொன்னதும், "போனாப் போவுது விடு, எதுக்குப் பேஜாரு, மாசி வரைக்கும் ஓட்டிடலாம்" என்றார். என் காலை அவர் மடியில் தூக்கி வைத்தேன். பார்த்தார். எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்தார்.

பீரோவிலிருந்து அக்ரிமெண்டை எடுத்தேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் படிக்காததை எட்டு மாதம் கழித்துப் படிக்கிற லட்சணம் என்னுடையது. பதினோரு மாதக் கணக்கு. நடுவில் காலி செய்தால் மீதி மாத வாடகையைக் குடியிருப்பவர் கொடுக்க வேண்டும், அல்லது தன் பொறுப்பில் வேறு ஆளைக் குடிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த 'அல்லது' என்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"ண்ணா, நான் ஆள வச்சிட்டுப் போறேன். வச்சிட்டா முழு அட்வான்ஸும் தரணும்."

"மார்கழில எவம்மா குடி வருவான்?" என்று சிரித்தார். "வந்தா கார்த்திகை கடைசிக்குள்ள வரணும். சரி, நானும் தறிக்காரங்களா ரெண்டு பேர அனுப்புறேன். நீ காலைலயே ஜல்தியா தண்ணிய எறச்சிட்டு, மேல மணலக் கொட்டி வையி. புரியுதா?"

புரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியே செய்தேன். விடியற்காலையில் இறைத்து, சாக்கால் ஒற்றி, இரண்டு சட்டி மணலைப் பரப்பி, அதன் மேல் காய்ந்த கோணியைப் போட்டேன். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பதினைந்தாயிரம் என்னுடைய எத்தனை நாள் உழைப்பு என்று எனக்குத்தான் தெரியும்.

பத்து மணிக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். இருவரும் நெய்கிறவர்கள். புருஷன் சமையல்கட்டைப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். அந்தப் பெண் நேராக என் தறியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். தறிக்காரி வேறு எங்கே உட்காருவாள்? காலைக் கீழே விட்டாள். கோணியை விரலால் நகர்த்தினாள்.

"மணலு சில்லுனு இருக்கேக்கா?"

"காலைல தண்ணி தெளிச்சேன்" என்று வாய் தயாராக வைத்திருந்தது. சொல்லியும் விட்டேன். அவள் நம்பிவிட்டாள். நம்பி, என் மிதிகட்டையை ஆசையாக ஒரு மிதி மிதித்தாள். வெள்ளிக் கொலுசு, மெட்டி, வெடிப்பில்லாத பாதம். சீ, என்ன பிறப்புடி நீ என்று எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

"எழுந்து வாம்மா" என்றேன். "தெளிச்சதுன்னு சொன்னது பொய்யி. ஊத்து. மழைக்காலம் முழுக்க வரும். இதப் பாரு" என்று என் கால் விரல்களை விரித்துக் காட்டினேன்.

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். புருஷன் சமையல்கட்டுக் குழாயை மூடிவிட்டு வந்தார். போகும்போது அந்தப் பெண் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஓனர் மாடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "உன் பணத்த நீயே முழுங்கிட்ட" என்று கத்தினார். "இனிமே ஒரு பைசா கொறைக்க மாட்டேன்."

"கொறைக்கச் சொல்லல. இருந்த நாளுக்கு வாடகை குடுக்காமப் போனா என் சோறு செரிக்காது. இல்லாத நாளுக்குக் குடுத்தா எனக்குத் தூக்கம் வராது. ஆள வைக்கிறேன், பாருங்க" என்று நானும் கத்தினேன். தெருவே கேட்டது. கேட்கட்டும்.

அன்றிலிருந்து தறியை விட்டு இறங்கினால் வீடு தேடுகிறவர்களைத் தேடுவதே வேலை. மளிகைக் கடையில் சொன்னேன், மாவு மில்லில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொன்னேன். தறி இல்லாதவர்களாகப் பார்த்துச் சொன்னேன். எல்லோரிடமும் ஒரே பதில்: "தை பொறக்கட்டும்." தறியில் இருந்த புடவையை நெய்து முடித்து அறுத்துக் கொடுத்துவிட்டேன். கார்த்திகையில் ஐந்து நாள் மிச்சம்.

அப்போதுதான் அந்தக் கொலுசுக்காரி போன் செய்தாள்.

"அக்கா, எங்க தெருவுல ஒரு நர்ஸம்மா வீடு தேடிகினு இருக்காங்க. வேதக்காரங்க. அவங்களுக்குத் தறியும் கெடையாது, மார்கழியும் கெடையாது."

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆரணியில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு அது தோன்றவே இல்லையே! ஊரே மார்கழி என்று ஒதுங்குகிறபோது கிறிஸ்துமஸுக்குள் புது வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு குடும்பம் அலைந்துகொண்டிருந்திருக்கிறது. சாயந்திரமே நர்ஸம்மா வந்து பார்த்தார். ஈரக் குழியைக் காட்டினேன், ஒன்றையும் மறைக்கவில்லை.

"வீடு புடிச்சிருக்குங்க. ஆனா என் பையனுக்கு ரெண்டு வயசு, விழுந்துடுவான். தரை சமமா, கெட்டியா இருந்தா வர்றேன்" என்றார்.

ஓனரிடம் போனேன். "மேல பலக போட்டு மூடிடு. செலவு உன்னுது" என்றார்.

நான் பலகைக்கு அலையவில்லை. ஓனர் வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்து, தறியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, என் கணவரும் நானும் ஒரு குட்டியானை வண்டி நிறையச் செங்கல் உடைசலும் மண்ணும் கொண்டுவந்து கொட்டினோம். சாது என்றேனே, அந்த மனுஷன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு திமிசுக்கட்டையால் அப்படி இடித்தார். மேலே ஜல்லி போட்டு, கொத்தனாரை வைத்து சிமெண்ட் பூசினேன். ஆயிரத்து எண்ணூறு ஆனது. ஆகட்டும்.

கார்த்திகை கடைசி நாள், தறிச் சட்டங்களை வண்டியில் ஏற்றிவிட்டோம். அந்த மாத வாடகை ஐந்தாயிரத்தையும் கரண்ட் பில்லையும் ஓனர் கையில் வைத்தேன். நர்ஸம்மா தன் அட்வான்ஸைக் கொடுத்தார். ஓனர் அதை இரண்டு முறை எண்ணினார். பிறகு, பல்லைப் பிடுங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, என்னுடைய நாற்பதாயிரத்தை எடுத்துக் கொடுத்தார். வாங்கி, எண்ணி, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் குனிந்து தரையைப் பார்த்தார். காலால் தட்டினார். பலகைச் சத்தமே வரவில்லை.

"பலகதான போடச் சொன்னேன்? இப்பிடிப் பூசிட்டியே! நாளைக்கு இவங்க போய்ட்டா, ஒரு தறிக்காரன இந்த வீட்ல குடிவைக்க முடியுமா?"

"முடியாதுண்ணா" என்றேன். "அதுக்குத்தான் பூசினேன்."